‘வயசுக்கு வந்தா வீசிங் போயிரும்’: இதில் எவ்வளவு உண்மை?

“வயசுக்கு வந்தா தானாச் சரியாப் போயிரும், பயப்படாத.” வீசிங் உள்ள பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு திருநெல்வேலிப் பக்கம் எந்தத் தெருவில் நடந்தாலும் இந்த ஆறுதல் காதில் விழும். ஆச்சிமார் சொல்வார்கள், மருந்துக்கடைக்காரர் சொல்வார், சில சமயம் மருத்துவரே சொல்வார். சொல்லும் யாரும் பொய் சொல்லவில்லை. மூன்று வயதில் மாதம் ஒரு தடவை ஆவி வைக்க ஓடிய பையன், பதினாறு வயதில் தாமிரபரணியில் இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்துவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதே தெருவில் பதின்மூன்று வயதில் புதிதாக இளைப்பு தொடங்கிய பெண்பிள்ளை இருப்பாள். வேலைக்குப் போன பிறகு பழைய இழுப்பு திரும்பி வந்த வாலிபனும் இருப்பான். அவர்களைப் பற்றிய பேச்சு மட்டும் அவ்வளவாக எழாது.

யாருக்குப் போகும், யாருக்கு அடங்கிக் கிடந்து திரும்பும், யாருக்குப் புதிதாகக் கிளம்பும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடியும். அதற்கு முதலில், வீசிங்கும் ஆஸ்துமாவும் எங்கே ஒன்று, எங்கே வேறு என்று தெரிய வேண்டும்.

குழாய் சின்னது, அதனால் விசில்

வீசிங் ஒரு நோயின் பெயர் இல்லை, ஒரு சத்தத்தின் பெயர். மூச்சுக்குழல் நெஞ்சுக்குள் இறங்கி மரம் மாதிரி கிளை கிளையாகப் பிரிகிறது. அந்தக் கிளைகள் குறுகி, காற்று வெளியே வரச் சிரமப்படும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்கும். எதனால் குறுகினாலும் இந்தச் சத்தம் வரும்.

சின்னப் பிள்ளைகளுக்கு இது ஏன் அடிக்கடி வருகிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாய், சளி பிடித்து உட்சுவர் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். திறப்பு 2 மில்லிமீட்டராகிவிடும். விட்டம் பாதியானால் காற்றுக்கு உண்டாகும் தடை 16 மடங்கு ஏறும். அதே வீக்கம் 8 மில்லிமீட்டர் குழாயில் வந்தால் 6 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும், தடை சுமார் 3 மடங்குதான். ஒரே சளி அண்ணனுக்கு வெறும் தும்மலாகவும் தம்பிக்கு இழுப்பாகவும் வருவதன் காரணம் பெரும்பாலும் இவ்வளவே. பிள்ளை வளர வளரக் குழாயும் அகலமாகிறது, சத்தம் தானாக நின்றுவிடுகிறது.

எத்தனை பேருக்கு நிற்கிறது என்பதை அமெரிக்காவின் டூசான் நகரில் 1980 முதல் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துப் பார்த்தார்கள். 1995-ல் வந்த முடிவில் 826 குழந்தைகளின் கணக்கு இருந்தது. சுமார் 20 சதவீதம் பேருக்கு மூன்று வயதுக்குள் வீசிங் வந்து ஆறு வயதில் இல்லாமல் போயிருந்தது. சுமார் 14 சதவீதம் பேருக்கு மூன்று வயதுக்குள் வந்தது ஆறு வயதிலும் தொடர்ந்தது. 15 சதவீதம் பேருக்கு மூன்று வயதுக்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ஆக, கைக்குழந்தைப் பருவத்தில் வீசிங் வந்தவர்களில் ஐந்துக்கு மூன்று பேர் பள்ளிக்கூடம் சேரும் வயதிலேயே தேறிவிட்டார்கள். ஆச்சிமாரின் வாக்கு பலிப்பது இந்தக் கூட்டத்தில்தான். கவனியுங்கள், இவர்களுக்குச் சரியானது ஆறு வயதில். வயசுக்கு வருவதோடு அதற்குச் சம்பந்தம் இல்லை.

மிச்சம் இரண்டு பேர் யார் என்று மூன்று வயதில் கண்டுபிடிக்க, அதே ஆய்விலிருந்து ஒரு கணிப்பு முறை 2000-ல் வந்தது. அடிக்கடி வீசிங் வரும் குழந்தையிடம் இரண்டு பெரிய அடையாளங்களைப் பார்ப்பார்கள்: அப்பா அம்மாவில் ஒருவருக்கு ஆஸ்துமா, பிள்ளைக்குத் தோலில் கரப்பான். சின்ன அடையாளங்கள் மூன்று: சளி பிடிக்காத நாளிலும் வீசிங் வருவது, ஒவ்வாமையால் மூக்கொழுகல், ரத்தத்தில் ஈசினோபில் (ஒவ்வாமையில் கூடும் ஒரு வகை வெள்ளணு) 4 சதவீதமோ மேலோ இருப்பது. பெரியதில் ஒன்றோ சின்னதில் இரண்டோ இருந்தால், பள்ளி வயதில் ஆஸ்துமா நீடிக்க வாய்ப்பு கூடுதல். ஒன்றுமே இல்லாத குழந்தைக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. சாதாரண ரத்தப் பரிசோதனையும் நான்கு கேள்வியும் போதும் என்பதால், எந்தச் சிற்றூரிலும் இதைப் பார்த்துவிடலாம்.

ஆறு வயதுக்கு மேலும் தொடர்ந்தால்

அங்கே கதை மாறுகிறது. குழாய் சின்னதாக இருப்பது இப்போது முக்கியக் காரணம் இல்லை. குழாயின் உட்சுவரில் ஒவ்வாமை அழற்சி நிரந்தரமாகக் குடிகொண்டிருக்கிறது. அதனால் சுவர் வீங்கியிருக்கும், பிசுபிசுத்த சளி ஊறும், குழாயைச் சுற்றியுள்ள தசை தொட்டாற்சிணுங்கி மாதிரி எதைத் தொட்டாலும் சுருங்கும். தூசி, புகை, ஓட்டம், குளிர்காற்று, சிரிப்பு எதுவும் அதைச் சுருக்கப் போதும். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் ஆஸ்துமா. உடல் வளர்ந்தால் குழாய் அகலமாகும், ஆனால் அழற்சி தானாகப் போகும் என்று சொல்ல முடியாது.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73-ல் பிறந்த பிள்ளைகளை 26 வயது வரை பார்த்த ஆய்வு இதில் தெளிவான படம் தருகிறது. 2003-ல் வெளியான அதன் கணக்கில் 613 பேர். 14.5 சதவீதம் பேருக்குச் சிறுவயதில் தொடங்கிய வீசிங் 26 வயது வரை நிற்கவே இல்லை. 27.4 சதவீதம் பேருக்கு வந்து, ஒரு கட்டத்தில் நின்றது. ஆனால் அப்படி நின்றவர்களிலேயே ஒரு பகுதிக்கு, அதாவது மொத்தத்தில் 12.4 சதவீதம் பேருக்கு, பிறகு திரும்பி வந்தது. கடைசி இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்: ‘நின்றுவிட்டது’ என்று ஒரு கட்டத்தில் சொல்லக்கூடிய நிலையில் இருந்தவர்களில், பத்துக்கு நான்கைந்து பேருக்கு 26 வயதுக்குள் திரும்பிவிட்டது. இந்தக் கட்டுரையில் ஒரே ஓர் எண்ணை நினைவில் வைக்க வேண்டுமானால் அது இதுதான்.

தொடர்வதற்கும் திரும்புவதற்கும் முன்னடையாளமாக அங்கே தெரிந்தவை: வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சிக்கு ஒவ்வாமை இருப்பது, குழாய் எளிதில் சுருங்கும் தன்மை, பெண்ணாக இருப்பது, 21 வயதில் புகைப் பழக்கம். மிகச் சிறுவயதிலேயே தொடங்கியவர்களுக்கு நின்றபின் திரும்பும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது.

நோய் எவ்வளவு கடுமை என்பதும் பெரிய சங்கதி. அமெரிக்காவிலும் கனடாவிலும் 5 முதல் 12 வயதுக்குட்பட்ட, லேசான அல்லது நடுத்தர ஆஸ்துமா உறுதியான 1041 பிள்ளைகளைத் தொடர்ந்தபோது, வளரிளம் பருவத்தில் முழுதாக நின்றது 6 சதவீதத்தினருக்கு மட்டும். 39 சதவீதத்தினருக்கு வந்து வந்து போனது, 55 சதவீதத்தினருக்கு விடாமல் தொடர்ந்தது. மெல்போர்ன் நகரில் 1964 முதல் ஏழு வயதுப் பிள்ளைகளை 50 வயது வரை பார்த்தார்கள். சிறுவயதில் சளியோடு மட்டும் வீசிங் வந்தவர்களில் 64 சதவீதம் பேர் 50 வயதில் நோயின்றி இருந்தார்கள், கடுமையான ஆஸ்துமா இருந்தவர்களில் 15 சதவீதம் பேர்தான். பள்ளி வயதில் மாத்திரை, பம்பு (இன்ஹேலர்), ஆஸ்பத்திரி என்று அலைந்த பிள்ளையைப் பார்த்து ‘எல்லாம் சரியாப் போயிரும்’ என்று வாக்குக் கொடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

ஆண்பிள்ளை, பெண்பிள்ளை

‘வயசுக்கு வருவது’ என்ற சொல் நம் ஊரில் பெண்ணுக்குத்தான் அதிகம் புழங்குகிறது. ஆனால் அந்தப் பழமொழி பெண்ணுக்குத்தான் மிகக் குறைவாகப் பொருந்தும்.

பத்து வயது வரை ஆஸ்துமா ஆண்பிள்ளைகளிடம் அதிகம். நுரையீரலின் அளவோடு ஒப்பிட்டால் அவர்களுடைய குழாய்கள் அந்த வயதில் ஒடுக்கமானவை. பூப்புக்குப் பிறகு தராசு சாய்கிறது. பையனுக்கு நெஞ்சுக்கூடும் குழாயும் இருபது வயதையொட்டியும் வளர்ந்துகொண்டிருக்கும். ஆண் ஹார்மோனுக்கு ஒவ்வாமை அழற்சியைத் தணிக்கும் குணமும் உண்டு. பெண்ணுக்கு வளர்ச்சி முன்கூட்டியே முடிந்துவிடும், பெண் ஹார்மோன்களின் ஏற்ற இறக்கம் அழற்சியைத் தூண்டும் பக்கம் போகிறது. அதனால் பதின்வயதில் புதிதாகத் தொடங்கும் ஆஸ்துமாவும், தொடர்ந்து நீடிக்கும் ஆஸ்துமாவும் பெண்பிள்ளைகளிடம் கூடுதல். உடல் எடை மிகுந்தால் இது இன்னும் கூடும்.

சில பெண்பிள்ளைகளுக்கு மாதவிலக்குக்கு முந்தைய சில நாட்களில் மட்டும் இளைப்பு ஏறும். இரண்டு மூன்று மாதம் காலண்டரில் தேதி குறித்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும். அந்தக் குறிப்பைக் கையோடு கொண்டுபோனால் மருத்துவருக்கு மருந்தைத் திட்டமிடுவது எளிது. சடங்கு கழிக்கப் பெண்ணைத் தனியறையில் உட்கார வைக்கும் வீடுகளில், வருடக்கணக்கில் பரணில் கிடந்த பாயையும் தலையணையையும் எடுத்துக் கொடுப்பதுண்டு. ஆஸ்துமா உள்ள பெண்ணுக்கு அது நேராகத் தூசியின் மேல் படுப்பது. வெயிலில் காய்ந்த புதுப்பாயைக் கொடுங்கள், பம்பை அவள் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

நின்றதா, அடங்கியிருக்கிறதா

மருந்தும் இல்லை, இளைப்பும் இல்லை என்ற நிலை குறைந்தது ஒரு வருடம் நீடித்தால் ‘நோய் அடங்கியிருக்கிறது’ என்கிறார்கள். மூன்று வருடம் கழிந்தால்தான் ஒப்புக்கொள்வோம் என்பவர்களும் உண்டு. இளைப்பு இல்லாததோடு, ஊதிப் பார்க்கும் பரிசோதனையும் சரியாக இருந்து, குழாய் சுருங்கும் தன்மையும் இல்லாமல் போயிருந்தால்தான் முழுமையாக நின்றது என்று பொருள். இந்த இரண்டாவது கூட்டம் சிறியது. ஆஸ்துமா அடங்கி மருந்தே இல்லாமல் இருந்த இளைஞர்களின் மூச்சுக்குழல் சுவரிலிருந்து துளி சதை எடுத்து நெதர்லாந்தில் ஆராய்ந்தார்கள். 2001-ல் வந்த அந்த முடிவின்படி, வெளியே ஒன்றும் தெரியாதபோதும் உள்ளே அழற்சி இருந்தது. சாம்பல் மூடிய கங்கு மாதிரி.

இதில் இன்னொரு சிக்கல், பதின்வயதுப் பிள்ளைகள் தங்கள் இளைப்பைத் தாங்களே உணராமல் வாழ்க்கையை அதற்கேற்ப மடக்கிக்கொள்வது. “இப்பல்லாம் வர்றதே இல்லம்மா” என்பான். மைதானத்தில் நின்று பாருங்கள். முன்பு பந்து வீச ஓடியவன் இப்போது விக்கெட் கீப்பர். கபடியில் பாடிப் போகமாட்டான், பிடிக்க மட்டும் நிற்பான். படியேறும்போது பாதியில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்வான். இளைப்பு போகவில்லை, ஓட்டம்தான் போயிருக்கிறது.

எனவே “எப்படி இருக்கு?” என்று பொதுவாகக் கேட்காமல், கடந்த நான்கு வாரத்தை வைத்து நான்கு கேள்வி கேளுங்கள். பகலில் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் இருமலோ இளைப்போ வந்ததா? ஒரு இரவாவது அதனால் முழிப்பு வந்ததா? உடனடி நிவாரணப் பம்பை வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் எடுத்தாயா? விளையாட்டையோ வேலையையோ விட்டாயா? நான்குக்கும் இல்லை என்றால் கட்டுக்குள் இருக்கிறது. ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

அடுத்தது ஸ்பைரோமெட்ரி, அதாவது மேலே சொன்ன ஊதிப் பார்க்கும் பரிசோதனை. ஐந்தாறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை ஒத்துழைத்தால் செய்யலாம். மூக்கில் கிளிப் போட்டு, மூச்சை முழுதாக இழுத்து, வெடித்த மாதிரி வேகமாக ஊதி, காற்று தீரும்வரை விடாமல் ஊத வேண்டும். பிறகு மருந்து கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். முதல் ஒரு வினாடியில் வெளிவரும் காற்று 12 சதவீதத்துக்கு மேல் கூடினால், குழாய் சுருங்கியிருந்து விரிந்தது என்று அர்த்தம். நெஞ்சக நோய்ப் பிரிவுள்ள பெரிய ஆஸ்பத்திரிகளில் இது நடக்கும். அன்று காலையில் உடனடிப் பம்பை எடுத்துவிட்டுப் போனால் முடிவு பொய்த்துவிடும், எத்தனை மணி நேரம் முன்பு நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இளைப்பு இருந்தால் தாங்கிக்கொண்டு போக வேண்டாம், எடுத்துவிட்டு விஷயத்தைச் சொல்லிவிடலாம்.

வீட்டில் செய்யக்கூடியது பீக் ஃப்ளோ மீட்டர். ஒரு கையளவு பிளாஸ்டிக் குழாய், உள்ளே நகரும் முள். காலை எழுந்ததும் இரவு படுக்கும் முன்னும் நின்றபடி மூன்று தடவை ஊதி, மூன்றில் பெரிய எண்ணை எழுத வேண்டும். காலை 240, இரவு 300 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 60, சராசரி 270. 60-ஐ 270-ஆல் வகுத்தால் 22 சதவீதம். இப்படி இரண்டு வாரம் கணக்குப் பார்த்து, தினசரி ஏற்ற இறக்கத்தின் சராசரி பிள்ளைகளுக்கு 13 சதவீதத்தைத் தாண்டினால் ஆஸ்துமா இன்னும் விழித்திருக்கிறது.

இருமல் எல்லாமே ஆஸ்துமா ஆகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், கூடவே சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு என்றால் காசநோய்ப் பரிசோதனை செய்யாமல் விடக்கூடாது. பதின்வயதில், குறிப்பாகத் தேர்வு, போட்டி நேரங்களில், தொண்டை இறுகி மூச்சை உள்ளே இழுக்கும்போது சத்தம் வந்து சில நிமிடத்தில் சட்டென்று விட்டுவிடுவதும் உண்டு. அது குரல்நாண் இறுகுவது. பம்பு அதற்குக் கேட்காது, மூச்சுப் பயிற்சிதான் மருந்து. ஆஸ்துமாவில் சிரமம் பெரும்பாலும் வெளியே விடும்போது.

நம் ஊர்க் காற்றும் வீடும்

ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கும் காற்று தென்காசி, குற்றாலம் பக்கம் சாரலையும் திருநெல்வேலிப் பக்கம் புழுதியையும் கொண்டுவருகிறது. பள்ளிக்கூடம் திறப்பதும் அதே ஜூன் மாதம். ஒரு வகுப்பில் ஒருவனுக்குச் சளி பிடித்தால் வாரத்துக்குள் பாதி வகுப்புக்குப் பரவும். பிறகு ஐப்பசி, கார்த்திகை அடைமழை, ஈரச்சுவர், பூஞ்சை. பிள்ளையின் இளைப்பு எந்த மாதத்தில் ஏறுகிறது என்று இரண்டு வருடம் குறித்து வைத்திருந்தால், அந்த மாதம் வருமுன் மருந்தைச் சரிபார்த்துவிடலாம்.

முக்கால்வாசி வேலை வீட்டுக்குள்தான். தூசி நுண்பூச்சி கண்ணுக்குத் தெரியாது, மனிதத் தோலிலிருந்து உதிரும் செதிளைத் தின்று மெத்தை, தலையணைக்குள் வாழும், ஈரப்பதம் இருந்தால் பெருகும். இலவம்பஞ்சு மெத்தைக்குப் பதில் பத்தமடைக் கோரைப்பாய் இந்தப் பிள்ளைகளுக்கு நல்லது. தட்டி உதறி வெயிலில் போட முடியும், உள்ளே புகுந்து வாழ இடம் கம்மி. தலையணை உறையையும் போர்வையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் அலசுங்கள். கை வைக்க முடியாத சூடு அது, பக்கெட்டில் ஊற்றிக் கம்பால் கிளறலாம். தூத்துப் பெருக்கும்போது பிள்ளை அறையில் வேண்டாம். ஈரத்துணியால் துடைப்பது பெருக்குவதைவிட மேல்.

கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, விறகடுப்பு, மூன்றும் புகைதான். கொசுவுக்கு வலை கட்டுங்கள். தலைக்குக் குளித்தபின் சாம்பிராணி போடும் வழக்கத்தை இந்தப் பிள்ளைக்கு மட்டுமாவது விட்டுவிடலாம்.

பீடி சுற்றும் வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முக்கூடல், மேலப்பாளையம், கடையநல்லூர் என்று எத்தனையோ ஊர்களில் குடும்பத்தை நிறுத்திவைத்திருப்பது இந்தத் தொழில். தட்டை மடியில் வைத்துப் புகையிலைத் தூளை இலையில் அடக்கிச் சுருட்டும்போது நுண்துகள் பறக்கும், சேலையில் ஒட்டும், அதே மடியில் பிள்ளை வந்து படுக்கும். தொழிலை விடு என்று சொல்வது சுலபம், அதில் நியாயம் இல்லை. செய்யக்கூடியது: தட்டைப் படுக்கும் அறையில் வைக்காமல் திண்ணையிலோ முற்றத்திலோ வைத்துச் சுற்றுவது, புகையிலைப் பொட்டலத்தை மூடிய டப்பாவில் வெளியே வைப்பது, வேலை முடிந்ததும் கை கழுவிச் சேலை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குவது, விடுமுறையில் ஆஸ்துமா உள்ள மகளைத் தட்டுக்கு முன் உட்கார வைக்காமல் இருப்பது. பீடி, சிகரெட் புகைக்கும் ஆண்கள் ‘வெளியே போய்த்தான் குடிக்கேன்’ என்றாலும் சட்டையிலும் மீசையிலும் புகை உள்ளே வரும். பதினாறு வயதில் பையனே தொடங்கினால், அடங்கிய ஆஸ்துமாவைத் தட்டி எழுப்ப அதைவிட உறுதியான வழி வேறில்லை.

பம்பு

“பம்பு எடுத்தா பழகிரும், கடைசி மருந்து அதுதான்” என்ற பயத்தில் மாத்திரையிலேயே ஓட்டுகிறவர்கள் பலர். அளவைப் பாருங்கள். சால்பூட்டமால் மாத்திரை ஒன்று 2 மில்லிகிராம். பம்பில் ஒரு அழுத்து 100 மைக்ரோகிராம். ஒரு மாத்திரை இருபது அழுத்துக்குச் சமம், அதுவும் வயிறு, ரத்தம் என்று ஊரெல்லாம் சுற்றித்தான் நெஞ்சுக்கு வருகிறது. கை நடுக்கமும் படபடப்பும் அதனால்தான். பம்பு நேராகப் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது.

பம்பில் இரண்டு வகை. ஒன்று உடனே குழாயை விரிப்பது, பெரும்பாலும் நீல நிறம். இன்னொன்று அழற்சியை அடக்கும் தடுப்புப் பம்பு, இளைப்பு இல்லாத நாளிலும் எடுக்க வேண்டியது. நீலத்தை மட்டும் நம்பி ஓட்டுவது ஆபத்து, ஏனென்றால் அது விசிலை நிறுத்தும், நெருப்பை அணைக்காது. 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டுதல், 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உடனடி மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம், அழற்சி மருந்தும் சேர்ந்தே போக வேண்டும் என்கிறது. பழைய சீட்டையே வருடக்கணக்கில் காட்டி நீலப் பம்பு வாங்கும் பிள்ளை இருந்தால் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்.

தடுப்புப் பம்பில் உள்ள ஸ்டீராய்டு உயரத்தைக் குறைக்குமா? கொஞ்சம் குறைக்கும். மேலே சொன்ன 1041 பிள்ளைகளில் புடசோனைடு என்ற தடுப்புப் பம்பு ஸ்டீராய்டை எடுத்தவர்கள் வளர்ந்தபின் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குட்டை. கட்டுப்படாத ஆஸ்துமாவும், அடிக்கடி குடிக்கும் ஸ்டீராய்டு சிரப்பும் பிள்ளையின் வளர்ச்சியை இதைவிடக் கெடுக்கும். தடுப்புப் பம்பு நோயைக் கட்டி வைக்கும், வளர்ந்தபின் நோய் நிற்குமா நிற்காதா என்பதை மாற்றாது. இதை மறைக்காமல் பிள்ளையிடம் சொல்லிவிட்டால், ‘இவ்வளவு நாள் எடுத்தும் போகலையே’ என்று பாதியில் தூக்கி எறிய மாட்டான்.

எடுக்கும் முறையில்தான் பாதி மருந்து வீணாகிறது. மூடியைக் கழற்றி, உள்ளே எதுவும் கிடக்கிறதா என்று பார்த்து, ஐந்து தடவை குலுக்குங்கள். பம்பு நிமிர்ந்திருக்க வேண்டும். ஸ்பேசரில் (பம்புக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் குடுவை) பொருத்தி, மூச்சை வெளியே விட்டு, உதட்டால் இறுக்கிப் பிடித்து, ஒரே ஒரு அழுத்து. மெதுவாக, நான்கைந்து வினாடி இழுத்து, பத்து வினாடி அடக்க வேண்டும். அடக்க முடியாவிட்டால் ஸ்பேசருக்குள்ளேயே ஐந்தாறு சாதாரண மூச்சு. இரண்டாவது அழுத்துக்கு முன் அரை நிமிடம் விட்டு, மறுபடி குலுக்குங்கள். தடுப்புப் பம்பு என்றால் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெண்படலம் வரும். இரண்டு அழுத்தை ஒரேயடியாக அடித்தால் துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சுவரில் ஒட்டிவிடும், நெஞ்சுக்குப் போவது குறையும். காப்ஸ்யூல் போட்டு இழுக்கும் பொடிக் கருவி இதற்கு நேர்மாறு: அதைப் பலமாக, வேகமாக இழுக்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறும் பிள்ளைகள் இங்கேதான் தவறுகிறார்கள்.

ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்துத் துடைக்காமல் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரில் ஒட்டும். ஸ்பேசர் வாங்க வசதி இல்லையென்றால் 500 மில்லி கூல்டிரிங்ஸ் பாட்டிலின் அடியில் பம்பின் வாய் இறுக நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டுப் பயன்படுத்தலாம். தென்னாப்பிரிக்காவில் பிள்ளைகளிடம் சோதித்து 1999-ல் வெளியிட்ட முறை இது, விலை கொடுத்து வாங்கும் ஸ்பேசருக்குச் சமமாக வேலை செய்தது. பதின்வயதுப் பையன்கள் ஸ்பேசரைச் சின்னப்பிள்ளைச் சாமான் என்று ஒதுக்குவார்கள். காலை இரவு வீட்டில் எடுப்பதை மட்டும் ஸ்பேசரில் எடுக்கச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

200 அழுத்துள்ள பம்பில் காலை இரண்டு, இரவு இரண்டு என்றால் 50 நாள். தொடங்கிய தேதியை மார்க்கரால் பம்பின் மேலேயே எழுதுங்கள். குலுக்கினால் சத்தம் வருகிறது என்பதற்காக மருந்து இருக்கிறது என்று ஆகாது, தள்ளும் வாயு மிஞ்சியிருக்கும்.

இளைப்பு திடீரென்று ஏறினால்: நிமிர்ந்து உட்கார வையுங்கள். நீலப் பம்பை ஸ்பேசரில் ஒவ்வொன்றாக நான்கு அழுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு மூச்சு. நான்கு நிமிடம் பாருங்கள், குறையாவிட்டால் மறுபடி நான்கு. அதற்கும் கேட்காவிட்டால், அல்லது ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டால், விலா எலும்புக்கிடையே சதை உள்ளே இழுத்தால், உதடு நீலம் பாரித்தால் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை பம்பை நிறுத்த வேண்டாம். விசில் சத்தம் கேட்காமல் போவதை நல்ல குறி என்று எண்ணிவிடாதீர்கள். பிள்ளை சோர்ந்திருக்கும்போது சத்தம் நின்றால் காற்றே போகவில்லை என்று பொருள்.

குறைப்பது, நிறுத்துவது, கைமாற்றுவது

மூன்று மாதம் நான்கு கேள்விக்கும் ‘இல்லை’ என்று வந்தால், மருத்துவர் தடுப்பு மருந்தை கால் பங்கோ பாதியோ குறைப்பார். மறுபடி மூன்று மாதம் பார்ப்பார். ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டு மூன்று வாரம் ஒன்றும் தெரியாது, பிறகு ஒரு சளியில் மொத்தமாக வந்து நிற்கும். நிறுத்தியதால் வந்தது என்று அப்போது யாருக்கும் தோன்றாது. குறைக்கும் மாதத்தையும் பார்க்க வேண்டும். பொதுத்தேர்வுக்கு முன் வேண்டாம். ஜூன் காற்றுக்கும் ஐப்பசி மழைக்கும் முன் வேண்டாம். தேர்வு முடிந்த ஏப்ரல் தொடக்கம் நம் பக்கத்துக்கு ஓரளவு ஏற்ற நேரம்.

விளையாடினால் மட்டும் இளைப்பு வரும் பிள்ளையை விளையாட்டிலிருந்து நிறுத்தாதீர்கள். மருத்துவர் சொன்ன பம்பை 15 நிமிடம் முன் எடுத்து, பத்து நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிவிட்டு இறங்கலாம். உடற்பயிற்சி ஆசிரியருக்குப் பம்பு இருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும்.

பதினொன்று, பன்னிரண்டு வயதில் பம்பு அம்மா கையிலிருந்து பிள்ளை கைக்கு மாறத் தொடங்குகிறது. வளரிளம் பருவத்தில் ஆஸ்துமா மோசமாவதற்கு இந்தக் கைமாற்றமும் ஒரு காரணம். ‘இனி நீயே எடுத்துக்கோ’ என்று ஒருநாள் சொல்லிவிட்டால் அன்றோடு நின்றுவிடும். முதல் வருடம் பிள்ளை எடுக்க, பெரியவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அடுத்த வருடம் ஞாயிற்றுக்கிழமை தோறும் பம்பில் எத்தனை அழுத்து மிச்சம் என்று மட்டும் பார்த்தால் போதும். பல் தேய்க்கும் பிரஷ் பக்கத்திலேயே தடுப்புப் பம்பை வைத்தால் தனியாக ஞாபகப்படுத்த வேண்டியிராது. மருத்துவரிடம் போகும்போது பத்து நிமிடம் பிள்ளையைத் தனியாகப் பேச விடுங்கள். புகை, கூச்சம், பம்பை ஒளித்துவைப்பது பற்றியெல்லாம் அம்மா முன்னால் வாய் திறக்க மாட்டார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ விடுதிக்குப் போகும்போது, அடங்கியிருந்தாலும் பெட்டியில் நான்கு பொருள் இருக்கட்டும்: காலாவதித் தேதி பார்த்த பம்பு ஒன்று, ஸ்பேசர், எந்த மருந்துக்கு எப்போது இளைப்பு நின்றது என்று எழுதிய ஒரு தாள், கடைசியாக ஊதிய பரிசோதனையின் நகல். அறைத்தோழன் ஒருவனுக்கு அந்தப் பம்பு எந்த அறையில், எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். விடுதி மெத்தை பழசு, பெரும்பாலும் பஞ்சு. போன அன்றே வெயிலில் போட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன பாயை அதன்மேல் விரித்துப் படுக்கச் சொல்லுங்கள்.